பாஷாவின் செருப்பு

டாக்ஸி ஓட்டுறவன் கொஞ்ச நேரம் போன் எடுக்கலைன்னா போதும், மொத்த ஸ்டாண்டும் அவனுக்குக் கதை கட்ட ஆரம்பிச்சிடும். ஸ்டியரிங் பிடிச்சு வயிறு வளர்க்கிற உங்களுக்குச் சொல்லணுமா என்ன!

வண்டி இருக்கு, ஆள் இல்லை

எங்க அடையாறு ஸ்டாண்டு பாஷா, காலையில போனவன் மதியமாகியும் வரலை. பெசன்ட் நகர் கடற்கரை ரோட்டுல அவன் வண்டி அநாதையா நிக்குதுன்னு எங்க ஸ்டாண்டு டிரைவர் குமார் போன் பண்ணினான். நான் என் வண்டியை எடுத்துக்கிட்டு ஓடினேன். சாவி வண்டியிலயே தொங்குது. போன் அதுபாட்டுக்கு அடிக்குது. டிரைவர் சீட்டுக்கடியில அவன் செருப்பு. குமார் கடலையே பார்த்துக்கிட்டு சொன்னான்: "செருப்ப கழட்டி வெச்சிட்டு மன்சன் வேற எங்க மாமா போவான்?"

மாதா கோயில் வரைக்கும்

பின்னாடியே வந்த ஸ்டாண்டு ஆளுங்கள்ல தாமஸ் மட்டும் தைரியம் சொன்னான். வேண்டுதலுக்கு வெறுங்காலோட மாதா கோயிலுக்குப் போயிருப்பானாம். சவாரியை விட்டுட்டு எல்லாரும் போய்த் தேடினோம். அங்கேயும் இல்லை. மெழுகுவத்தி ஏத்திட்டு வந்த தாமஸ் கேட்டான்: "அவன் சம்சாரத்துக்கு யாருபா சொல்றது?"

ஷமீம் வந்தாங்க

நான்தான் சொன்னேன். பாஷா சம்சாரம் ஷமீம் ஆட்டோ பிடிச்சு அழுதுக்கிட்டே வண்டி நின்ன இடத்துக்கு வந்தாங்க. செருப்பைப் பார்த்ததும் அழுகை நின்னு கோபம் வந்துடுச்சு. "அவரு என்னிக்குண்ணே செருப்பு போட்டுக்கினு வண்டி ஓட்டினாரு? நீங்க ஓட்றீங்களா?"

குனிஞ்சு பார்த்தேன். பதறி ஓடிவந்த என் கால்லயும் செருப்பு இல்லை, அது என் வண்டி சீட்டுக்கடியில கிடக்கு. அதுக்குள்ள அவங்க பின்கதவைத் திறந்துட்டாங்க. சீட்டெல்லாம் ஈரம், கீழே ஒரு பொம்பளை செருப்பு, ஒத்தையா. சாவியைத் திருப்பச் சொன்னாங்க. வண்டி கிளம்பலை. மூணு பெத்தவங்க இல்லையா, உடனே புரிஞ்சிடுச்சு: "யாருக்கோ வலி எடுத்துக்கீது. பிரசவ ஆஸ்பத்திரிக்கு விடுங்கண்ணே!"

பிரசவ வார்டு வாசல்ல

அங்கேதான் இருந்தான் மகராசன், வெறுங்காலோட, யாரோ ஒரு பொண்ணோட பையை மடியில வெச்சுக்கிட்டு. சவாரி வந்த பொண்ணுக்கு வலி எடுத்து, வண்டியும் நின்னுபோனதும் அவளை ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு வந்திருக்கான். அவ புருஷன் வெளியூர்ல. கூட ஆள் இருக்கணும்னு நர்ஸ் சொல்ல, நகராம உட்கார்ந்துட்டான். ஒரு போன் நம்பர்கூட ஞாபகத்துல இல்லையாம்.

ஷமீம் கையோட கொண்டுவந்த செருப்பை அவன் காலடியில வெச்சாங்க. நான் கட்டிப்பிடிச்சு, அழுது, கண்டபடி திட்டினேன். பய என் வாயைப் பொத்தினான்: "கத்தாத மாமா, உள்ள கொழந்த தூங்குது."

அவனைத் திருப்பிக் கொடுத்த ஆண்டவனுக்குக் கோடி கும்பிடு, ஆனா இத்தனை டிரைவருங்க கூடி நின்னும் சாவியைத் திருப்பிப் பார்க்க எங்கள்ல ஒருத்தனுக்கும் தோணலையே!