பாதி அழிந்த குடை

சின்னமனூர் கடைவீதியில் என் எட்டு வயது மகளைத் தொலைத்துவிட்டேன். யாருடைய போனிலோ அழைத்தவள், "அம்மா, செவுத்துல குடை வரஞ்சிருக்கு, அங்கன நிக்கிறேன்" என்றாள். இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தால் எடுக்கவில்லை. கடைக்காரர்கள் யாருக்கும் அந்தக் குடை தெரியவில்லை.

தண்ணீர் பாட்டிலோடு, பழைய சுவர் விளம்பரங்களைத் தேடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஒல்லியான மனிதர் என் பக்கம் திரும்பினார்.

"பாதி அழிஞ்ச குடைதான? பழைய விளம்பரம். அரிசி மில்லுக்குப் பின்னாடி சந்து. அழாம வாங்க ஆத்தா."

அங்கேதான் நின்றிருந்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழ, அவர் சுவரில் தண்ணீர் ஊற்றினார். மங்கிய எழுத்துகள் ஈரத்தில் கறுத்துத் தெரிந்தன.

"பாத்தீகளா, இன்னும் போகல."

மகளின் முகத்தைத் துடைத்துத் தலையை ஒதுக்கிவிட்டு நிமிர்வதற்குள் சுவர் காய்ந்துவிட்டது. அவரும் போய்விட்டார்.

இப்போது எந்த ஊரில் இறங்கினாலும் மகளுக்கு முதலில், தொலைந்தால் வந்து நிற்க ஒரு சுவரைக் காட்டிவைக்கிறேன்.