கயிறு மாறாத துப்பாக்கி

துப்பாக்கிக் கடைக்குக் கிளம்பிய காலையில் அப்பா தன் துணிப்பையில் புதிய தோல் வார் ஒன்றைச் சுருட்டி வைத்தார். அதைப் பார்த்ததுமே அன்றைய நாள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எதுக்குங்ப்பா அது?"

"தோக்குக்குத்தான்" என்றார், துப்பாக்கியை எங்கள் ஊர்ப் பேரில் சொல்லி. "தோள்ல மாட்ட வாரு வேண்டாமா?"

"இன்னைக்கு வாங்கப் போகலீங்ப்பா. பாக்கத்தான் போறோம்."

"சந்தைக்குப் பாக்கப் போறவனும் கயித்தோடதான் போவான், அம்மிணி."

உலகத்தில் இருக்கிற கடைகள் எல்லாமே மாட்டுச் சந்தையின் கிளைகள் என்பது அப்பாவின் நம்பிக்கை. எங்கள் பக்கத்தில் மாட்டை விற்பவன் மாட்டைக் கொடுப்பான், கயிற்றைக் கொடுக்க மாட்டான். வாங்குகிறவன் புதுக் கயிறு கொண்டுபோய்க் கட்டி, பழைய கயிற்றை அவிழ்த்து விற்றவன் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். அப்பா இதை மாட்டோடு நிறுத்துவதில்லை. பழைய மோட்டார் பம்பு வாங்கியபோது அதன் ஒயரைக் கழற்றி விற்றவரிடமே கொடுத்துவிட்டு வந்தவர் அவர். அந்த மனிதர் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தாராம்.

எங்கள் வயலும் கடலைத் தோட்டமும் கேரள எல்லைக்குள், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் இருக்கின்றன. கடலை முற்றும் பருவத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கி வரும். ஒரே இரவில் பாதித் தோட்டத்தைக் கிளறிப் போட்டுவிடும். பயிரை அழிக்கும் பன்றியைச் சுட, லைசென்ஸ் உள்ள ஆட்களைப் பஞ்சாயத்து சேர்த்து வைத்திருக்கிறது. அவர்களில் அப்பாவும் ஒருவர். யார் தோட்டத்தில் பன்றி இறங்கினாலும் அவருக்குப் போன் வரும். அதில் அவருக்குப் பெருமை, எனக்குப் பயம். போன பருவத்தில் அவருடைய பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியின் இடது குழல் வெடிக்கவில்லை. அடிபட்ட பன்றி திரும்பி வந்து அவருடைய கெண்டைக்காலைக் கிழித்துவிட்டுப் போனது. தையல் போட்ட இடம் இன்னும் கயிறு திரித்ததுபோல் புடைத்திருக்கிறது. அடுத்த பருவம் வருவதற்குள் அவர் கைக்கு நம்பகமான ஒரு துப்பாக்கி வர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு கவலை இல்லாமல் இருந்தது.

இந்த இடத்தில் மாமா உள்ளே வந்தார். அம்மாவின் தம்பி. லைசென்ஸ் அப்பாவின் பெயரில், ஆசை முழுக்க மாமாவின் பெயரில். அவர் போனில் எந்நேரமும் துப்பாக்கி வீடியோக்கள் ஓடிக்கொண்டிருக்கும். கார்பைன் என்ற குட்டை ரைஃபிளில் அவர் மயங்கிக் கிடந்தார். கைத்துப்பாக்கியின் குண்டையே போடும். ஒரு தடவை நிரப்பிவிட்டால் ஒவ்வொரு முறையும் எதையும் இழுத்துத் தள்ள வேண்டாம், விசையை அழுத்த அழுத்தச் சுடும்.

"பொம்மையாட்ட இருக்குதுங் மச்சா. ஒத்தக் கையில தூக்கலாம்" என்றார் மாமா.

"பன்னிக்குப் பொம்மை போதுமாங் மாமா?" என்றேன்.

"உனக்குப் புஸ்தகத்துல போட்டிருந்தாத்தான் நம்புவே."

ஆமாம், நம்புவேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். கரண்டு பில்லிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும் வீட்டில் எல்லாவற்றையும் நான்தான் வாசித்துச் சொல்கிறேன். அதை நினைத்து எனக்குக் கர்வம் உண்டு, மறைக்கப் போவதில்லை. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது முகாமில் ரைஃபிள் சுட்டிருக்கிறேன், நன்றாகவே சுட்டிருக்கிறேன். இந்த வீட்டில் துப்பாக்கியைப் பற்றி இரண்டு வார்த்தை பேச எனக்குத் தகுதி இருந்தது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

நான் பார்க்க விரும்பியது முக்கியமாக ஒன்றைத்தான். அப்பாவின் வலது கட்டைவிரல் டிராக்டர் கொக்கியில் நசுங்கியதிலிருந்து மடங்காது. குச்சிபோல் நேராக நிற்கும். துப்பாக்கி தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டைக் கட்டைவிரலால்தான் தள்ளித் திறக்க வேண்டும். பன்றி பாய்ந்து வரும் நேரத்தில் அந்த விரலுக்குப் பூட்டு வசப்படுமா? இதை எந்த வீடியோவும் சொல்லாது. அப்பா கையில் எடுத்துத் தள்ளிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

பாலக்காட்டில் இருந்தது கடை. மாமாவும் கூட வந்திருந்தார். கடைக்காரர் மலையாளம் கலந்த தமிழ் பேசும், பொறுமையான மனிதர். கார்பைனை எடுத்து, குண்டுக்கூட்டைக் கழற்றி, உள்ளே குண்டில்லை என்று திறந்து காட்டி, கண்ணாடி மேசைமேல் வைத்தார். இதை அப்பாவின் லைசென்ஸில் ஏற்ற முடியுமா என்று நான் கேட்டதற்கு, "அது கலெக்டரேட்டில் நோக்கிக்கலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அப்போதே எரிச்சல் தொடங்கியது.

"சேட்டா, பிடிச்சு நோக்குங்கோ" என்றார் அப்பாவிடம்.

அப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்களே காட்டுங்க."

கடைக்காரர் தூக்கிக் காட்டினார். அப்பா குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். கொஞ்சம் திருப்பச் சொன்னார். "எத்தனை கை மாறுனது?" என்று கேட்டார்.

"புத்தம் புதுசு, சேட்டா."

"பல்லையும் புடிச்சுப் பாத்துருங் மச்சா" என்றார் மாமா.

"நீங்க கையில வாங்கிப் பூட்டைத் தள்ளிப் பாருங்ப்பா. அதுக்குத்தான் வந்திருக்கறோம்."

"பாத்துட்டுத்தான இருக்கறேன்."

"கையிலீங்ப்பா!"

அப்பா அசையவில்லை. காரணம் எனக்குத் தெரியும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பொள்ளாச்சிச் சந்தையில், தரகர் யாருடனோ பேசிக்கொண்டே நீட்டிய கயிற்றை அப்பா சும்மா கையில் வாங்கிவிட்டார். அவருடைய கணக்கில், கயிற்றைக் கையில் வாங்கியவன் வாக்குக் கொடுத்தவன். அந்த மாட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அது பால் கறக்க உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரையும் உதைத்தது. அதை விற்கும்வரை அம்மா அப்பாவோடு சரியாகப் பேசவில்லை. அன்றிலிருந்து வாங்குவது உறுதியாகாத எதையும் அவர் தொடுவதில்லை. துணிக்கடையில் வேட்டியைக்கூட விரித்துக் காட்டத்தான் சொல்வார். பிறகு வீட்டுக்கு வந்து அகலம் போதவில்லை என்பார்.

இனிக் காத்திருந்து பயனில்லை என்று நானே கார்பைனை எடுத்தேன். சுவரைப் பார்த்துப் பிடித்து, விசையில் விரல் வைக்காமல் தோளில் அணைத்தேன். எடை குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தோளில் ஊன்றும் கட்டை குட்டை, என் கைக்கே இடித்தது. அப்பாவின் நீளக் கைக்கு மடக்கித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். பிறகு என் கட்டைவிரலை அவருடையதுபோல் மடக்காமல் நேராக வைத்துப் பூட்டைத் தள்ளினேன். வழுக்கியது. மறுபடியும் தள்ளினேன், மறுபடியும் வழுக்கியது. பக்கவாட்டில் இருந்த சின்னத் துண்டு அது. விரல் மடங்கினால்தான் அதன் மேல் நிற்கும்.

கடைக்காரர் நான் கேட்டபடி அதன் குண்டையும் பழைய இரட்டைக் குழலுக்குப் போடுகிற தோட்டாவையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். ஒன்று என் சுண்டுவிரல் நுனி அளவு. மற்றது அப்பாவின் கட்டைவிரல் அளவு.

"இதை வெச்சுட்டு நீங்க பன்னி முன்னால நிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"குண்டு நெறைய எண்ணம் போடலாமல்லோ" என்றார் அவர்.

"மொதக் குண்டு பட்டதுக்கப்புறம் பன்னி மிச்சத்தை எண்ணிட்டு நிக்காதுங்க."

கார்பைனை மேசையில் வைத்தேன். "இது வேண்டாமுங்ப்பா. பூட்டு உங்க வெரலுக்கு ஆகாது. குண்டும் பன்னிக்குப் பத்தாது. காயம்பட்டுத் திரும்பி வந்துச்சுன்னா இந்தத் தடவை கெண்டைக்காலோட போகாது."

அப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அவர் கை துணிப்பைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"இப்ப வேண்டாம்னா எப்பிடி அம்மிணி? புடிச்சுட்டீல்ல."

"பாத்தனுங்ப்பா! பாக்கறதுக்குப் புடிச்சேன்!"

"நம்மூட்டு ஆளு கையில வாங்கியாச்சு. இனி இல்லைன்னா அவரு மூஞ்சில எப்பிடி முழிக்கறது?"

"அதான!" என்று மாமா துள்ளினார். "வேண்டாம் வேண்டாம்னு அம்மிணியே முடிச்சு வெச்சிருச்சு பாருங்!"

கடைக்காரருக்கு எதுவும் புரியவில்லை. வியாபாரம் நடக்கப் போகிறது என்பது மட்டும் புரிந்து, ஒரு துணியை எடுத்துக் கார்பைனைத் துடைக்கத் தொடங்கினார். நான் உள்ளுக்குள் கொதித்தேன். வழுக்குகிற பூட்டோடு, போதாத குண்டோடு, கிழிந்து தைத்த காலோடு இந்த மனிதர் பன்றி முன்னால் போய் நிற்கப் போகிறார். யாரோ ஒரு கடைக்காரரின் முகத்தில் முழிப்பதற்காக! எனக்குத் தெரிந்த விசை, வேகம், எடை எல்லாவற்றையும் இன்னொரு தடவை எடுத்துச் சொல்லலாம். அவர் தலையாட்டிக்கொண்டே வாரைக் கட்டிவிடுவார்.

அப்போதுதான் எங்கள் கருப்பு மாட்டின் ஞாபகம் வந்தது. பக்கத்துச் சித்தூரிலிருந்து வந்தவர் விலை பேசி, கயிற்றையும் கையில் வாங்கிவிட்டார். புதுக் கயிறு கொண்டுவர மறந்திருந்தார். கடைவீதிக்குப் போய் அவர் கயிறு வாங்கி வருவதற்குள் அம்மா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். அவர் திரும்பி வந்தபோது அப்பா வாசலில் நின்று, கயிறு மாறவில்லை, அதனால் மாடு இன்னும் என்னுடையது என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் பள்ளிக்கூடப் பையோடு பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

"ஏனுங்ப்பா, உங்க வாரு எங்க இருக்குது?"

"பையில."

"அவரு வாரு?"

அப்பா கார்பைனைப் பார்த்தார். கடையின் பழைய நைலான் வார் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"தோக்குல."

"நான் அவரு வாரோடதான தூக்குனேன்? கயிறு மாறுச்சுங்களா?"

அப்பா அந்த நைலான் வாரைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"நம்ம கருப்பிய சித்தூர்க்காரருக்கு என்ன சொல்லிக் குடுக்காம விட்டீங்? எனக்கு ஞாபகம் இருக்குதுங்ப்பா."

அப்பா வெகுநேரம் கார்பைனையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து கையை வெளியே எடுத்தார். கை காலியாக வந்தது.

"மாறலதான்" என்றார்.

"படிக்க வெச்சா இப்பிடித்தானுங். வக்கீலாட்ட பேசுது" என்றார் மாமா, முகம் தொங்கிப்போய்.

"வக்கீலுக்கு என்ன கொறைச்சல்?" என்றார் அப்பா.

நான் நேரத்தை வீணாக்காமல் இரட்டைக் குழல் ஒன்றைக் கேட்டேன். கடையின் வாரோடு வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வார் மாட்டியிருந்த ஒன்றை எடுத்துத் திறந்து காட்டிக் கொடுத்தார். சட்டம் தெளிவாகிவிட்டதால் அப்பா சற்றும் தயங்காமல் கையில் வாங்கினார். தோளில் வைத்தார். அதில் பூட்டு மேல்பக்கம், நடுவில், அகலமாக இருந்தது. மடங்காத கட்டைவிரல் அதன்மேல் படுத்து, அப்படியே முன்னால் தள்ளியது. டக். பின்னால் இழுத்து மறுபடியும் தள்ளினார். டக். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை.

"எப்பிடீங்ப்பா?"

"சுமாருதா" என்றார்.

சந்தையில் அவருக்கு மிகவும் பிடித்துப்போன மாட்டை மட்டும்தான் அப்படிச் சொல்வார். அவர் கை மறுபடியும் பைக்குள் போனது. இந்த முறை நான் தடுக்கவில்லை. கடைக்காரர்தான் பதறினார். "லைசென்ஸ் கடலாசெல்லாம் செரியாகட்டும் சேட்டா, அதுவரைக்கும் தோக்கு இவிடத்தான் இருக்கும்" என்றார். இருக்கட்டும் என்று சொல்லி அப்பா புது வாரை மாட்டி, பழைய வாரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, மோட்டார் பம்பை விற்ற மனிதர் எப்படி நின்றிருப்பார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

வரும்போது பஸ்ஸில் மாமா தனியாக முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்குத் தலை வலித்தது. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். புதுநகரம் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்:

"வாரு அவருதுன்னு மொதல்லயே சொல்லியிருந்தீன்னா, அந்தச் சின்னதையும் நானே கையில வாங்கிப் பாத்திருப்பேனல்ல. எதுக்கு இத்தனை நேரம் கத்துனே?"