மூன்று தெரு தாண்டிப் போன மாப்பிள்ளை

சைகோனில் துணிக்கடை வைத்த காரைக்கால்காரர்கள் எத்தனையோ பேர். ஆனால் சம்பளத்துக்கு வந்து, பன்னிரண்டே வருஷத்தில் கத்தினா தெருவில் தன் பெயருக்குப் பலகை மாட்டியவர் நத்தர்ஷா ஒருவர்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ளாததால் முடிந்தது அது. பெண்டாட்டி உள்ள கடையாட்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கப்பலேறி ஊருக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வருவார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்திலெல்லாம் நத்தர்ஷா நின்றார். பட்டு வாங்க வரும் பிரெஞ்சு மதாம்கள் அவர் முகத்தைத்தான் பழகினார்கள். பள்ளிக்கூட வாசல் மிதிக்காத மனிதர், பிரெஞ்சிலும் உள்ளூர் அன்னாமி பாஷையிலும் விலை பேசுவார்.

பெண் பேசி ஊரிலிருந்து வந்த கடிதத்துக்கெல்லாம் ஒரே பதில்தான். காரைக்கால் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். "சொந்தக் கூரை போட்டவன் மாமனார் கூரைக்குக் கீழ போய்ப் படுப்பானா?"

நாற்பத்து நாலு வயதில் ஒரு பெரிய வியாபாரம் வாய்த்தது. பிரெஞ்சுக் கல்யாணம் ஒன்றின் முழு ஜவுளியும் அவர் கடையிலேயே எடுத்தார்கள். தெருவில் வேறு எவனுக்கும் கிடைக்காத யோகம்! கதவைச் சாத்தி மாடியேறினால், சொல்ல ஓர் ஆள் இல்லை. மறுநாள் துணியைத் தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் உட்கார்ந்து, மூச்சு விடாமல் சொல்லித் தீர்த்தார்.

தைப்பவள் மதார் பீவி. காரைக்கால் வாப்பாவுக்கும் அன்னாமித் தாய்க்கும் சைகோனிலேயே பிறந்தவள். புருஷன் மௌத்தாகி ஒன்பது வருஷம். இரண்டு மிஷினை வைத்துக்கொண்டு, அவர் கடைக்கு மூன்று தெரு தள்ளி மார்க்கெட்டுக்குப் பின்னால் வீடு வாங்கியவள்.

"அம்பது கஜம் வெள்ளைப் பட்டா? வந்த துணி முப்பத்தாறுதான் இருக்கு."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சுல பதினாலு கஜம் நீளுதே!"

அவரை யாரும் இப்படி மடக்கி எவ்வளவோ காலமாயிற்று. வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தைக்கத் துணி இல்லாத நாளிலும் போனார். ஒருநாள் அவள் மிஷினை நிறுத்தினாள்.

"நாலு பேரு நாலு விதமா பேசுறாங்க. ஒண்ணு நிக்காஹ் பண்ணுங்க. இல்லாட்டி துணியை ஆள்கிட்ட குடுத்தனுப்புங்க."

"பண்ணிக்கிறேன். என் கடை மாடிக்கு வந்துடு."

"நானா வரணும்? மாப்பிள்ளைதானே வருவாரு, அதுதானே நம்ம வழக்கம்? இது மாமனார் வீடு இல்ல. நான் மிஷின் மிதிச்சு வாங்கினது."

எட்டு நாள் அவர் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஒண்டிக்கட்டையாக இருந்தால் சாவி தன் இடுப்பில், சோறு தன் இஷ்டம், வரும் நேரம் போகும் நேரம் கேட்பாரில்லை. அதெல்லாம் மெய்தான். அந்த எட்டு நாளில் அவர் சொன்ன பொய் எதையும் எவனும் பிடிக்கவில்லை என்பதும் மெய்தான். அவளைத் திட்டவும் வாய் வரவில்லை. 'அவள் இடத்தில் நான் இருந்தால் வேறு என்ன பதில் சொல்லியிருப்பேன்?' என்று நினைத்தபோது, இப்படிப்பட்டவள் தன்னையும் ஓர் ஆளாக மதித்துக் கேட்டாளே என்று நெஞ்சு நிமிர்ந்தது.

நிக்காஹ் அன்று, இருந்த ஒரே தகரப் பெட்டிக்கு ஆள் இழுக்கும் புஸ்புஸ் வண்டி ஆறு பிடித்தார். பட்டப்பகலில், மார்க்கெட் வழியாக.

பக்கத்துக் கடை சேக் வாசலில் நின்று கத்தினான்: "நத்தர்ஷா நானா! கடைசியில வீட்டோட மாப்பிள்ளையா?"

"ஆமாண்டா! ஒன்னைய மாமனாரு கூப்பிட்டாரு. என்னைய வீட்டுக்காரியே கூப்பிட்டா!"

முன்வண்டியில் பெட்டி. அடுத்ததில் அவர். காலி வண்டி நாலும் மணியடித்துக்கொண்டு பின்னால் வந்தன.