சுவரில் ஒட்டிய ரேங்க் பட்டியல்

ஆறு பேரும் பத்துக்கு ஏழு வாங்கியிருந்தார்கள். கடைசி மூன்று கேள்விகளை ஆறு பேருமே தொடவில்லை. நம்மூர் வாத்தியார் என்ன நினைப்பாரோ அதையே நானும் நினைத்தேன்: காப்பி. ஆனால் என் கண்முன்னால்தான் எழுதினார்கள். ஒரு கழுத்தும் திரும்பவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் டப்ளின் பக்கம் நான் வேலைக்கு வந்து மூன்று வருடமாகியிருந்தது. எண்பதுகளின் நடுவில் சர்க்யூட் போர்டு சால்டரிங் செய்யக் கம்பெனிக்கு ஆள் போதவில்லை. இந்த நாட்டின் பழங்குடியினரான நவஹோ மக்களில் ஆறு பேரை எடுத்தார்கள். பயிற்சியை வடிவமைக்கும் வேலை என் தலையில். ஆறாவது வெள்ளிக்கிழமைத் தேர்வில் எட்டு வாங்காதவருக்கு வேலை கிடையாது.

முதல் தேர்வில் ரேமண்ட், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஒன்பது வாங்கினார். அவருடைய பெரியம்மா டெல்மா நான்கு. உற்சாகத்தில் பெயர்களை ரேங்க் வரிசையில் டைப் அடித்துச் சுவரில் ஒட்டினேன். மாயவரத்தில் எனக்குச் செய்த உபகாரம் அது. பத்தாம் வகுப்பில் நான் பதினேழாவது ரேங்க். கையெழுத்துப் போடுவதற்குமுன், எனக்கு மேலே இருந்த பதினாறு பெயர்களையும் அப்பா என்னையே உரக்கச் சொல்ல வைப்பார். அதனால்தான் முன்னுக்கு வந்தேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன், அடுத்த மாதம் பதினெட்டாவது ரேங்க் வாங்கியதை வசதியாக மறந்துவிட்டு.

இரண்டாம் தேர்வில்தான் இந்த ஏழு. சாப்பாட்டு நேரத்தில் டெல்மாவிடம் கேட்டேன்.

"ரேமண்ட் ஏன் இறங்கிட்டார்?"

"இறங்கல. என் பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டான். மத்த அஞ்சு பேரும் சொல்லிக் குடுத்ததுல எனக்கு ஏழு வரைக்கும்தான் ஏறிச்சு. எல்லாரும் அங்கயே நின்னுட்டாங்க."

"எட்டு வரலேன்னா வேலை போயிடும்!"

"தெரியும். சுவத்துல அவனை என் தலைமேல ஏத்தினது நீங்கதானே? நீங்களே இறக்குங்க."

நான் நோட்டை எடுத்து 'நவஹோ மக்கள்' என்று தொடங்கினேன். டெல்மா எட்டிப் பார்த்தார்.

"எல்லாரும் இப்படின்னு எழுதாதீங்க. என் தங்கச்சி பணம் வெச்சு பிங்கோ ஆடி நீங்க பாத்ததில்ல, யாருக்கும் ஒரு ஆட்டம் விட்டுக்குடுக்க மாட்டா."

பட்டியலைச் சுவரிலிருந்து கிழித்தெடுத்து ஆபீஸ் பைக்குள் வைத்தேன். பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று, ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டியதை, அப்போதுதான் அவர்களிடம் கேட்டேன். "முதல்ல ஒரு போர்டு முழுசா செஞ்சு காட்டுங்க, பேசாம" என்றார் டெல்மா. அந்தப் 'பேசாம' எனக்குத்தான் கடினமான பாடம். அதன்பின் ஒரு மேஜைக்கு இரண்டு பேர். மதிப்பெண் அவரவர் காதோடு.

ஆறாவது வெள்ளிக்கிழமை டெல்மாவுக்கு எட்டு. மற்றவர்களுக்கு அதற்கும் மேல். "யார் ஃபர்ஸ்ட்?" என்றார் மேனேஜர். "திங்கட்கிழமை ஆறு பேரும் வேலைக்கு வர்றாங்க" என்றேன். என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டது.

அது சாயங்காலம் வரை தாங்கியது. வீட்டில் மகளின் ரிப்போர்ட் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தேடறீங்க?" என்றாள் மனைவி.

"ரேங்க்."

"இங்க போட மாட்டாங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

மேஜைமேல் அப்பாவின் கடிதம்: பேத்தி எத்தனையாவது ரேங்க்? 'நன்றாகப் படிக்கிறாள்' என்று பதில் எழுதினேன். அப்பாவுக்கு அது போதாது. 'முதல் ரேங்க்' என்று சேர்த்துக் கவரை ஒட்டினேன். ஆபீஸ் பையில், சுவரிலிருந்து கிழித்த பட்டியல் நான்காக மடிந்தபடி இன்னும் இருந்தது.