அம்மா மனதில் வைத்திருந்த மீசை

நண்பர்களே, மயிலாப்பூர் பிரௌசிங் சென்டரிலிருந்து இதை அவசரமாக அடிக்கிறேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

காலையில் அம்மாவோடு தெற்கு மாட வீதிக்குக் காய் வாங்கப் போனேன். பக்கத்தில் நின்றவரைப் பார்த்தால், டிவி தொடரில் அப்பாவாக வருகிறாரே, அவரேதான்!

அம்மாவின் கையைக் கிள்ளினேன். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாருடா அது?" என்றாள்.

வாராவாரம் வீடே ஹாலில் கூடிப் பார்க்கிற தொடர். அப்பா ஈசிச்சேரில், நானும் தங்கையும் தரையில். வீட்டிலேயே எனக்குப் பிடித்த இடமும் நேரமும் அதுதான். மறுநாள் வசனம் பிசகாமல் கதை சொல்வது அம்மா!

"இன்னா சார் வேணும்?" என்றார் கடைக்காரர்.

"கத்திரிக்கா பிஞ்சா பாத்துப் போடுப்பா" என்றார் நடிகர்.

அம்மா வெடுக்கென்று திரும்பினாள். "அட, இவரா! மீசை வெச்சிருப்பார்னு நெனச்சுண்டிருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ பாக்கறதே இல்லையாம்மா?"

"சமையல் உள்ளேர்ந்தே நன்னாக் கேக்கறதே. நான் ஹாலுக்கு வந்துட்டா உங்களுக்கெல்லாம் யாரு தோசை வாக்கறது?"

உங்கள் வீட்டில் அந்தத் தொடரை யார் யார் பார்க்கிறீர்கள்? அம்மாவைக் கேட்டுவிட்டுப் பதில் போடுங்கள்.