பாப்பாவின் மூக்குத் துவாரங்கள்

சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் அந்த மொட்டை மாடி அறை எனக்குக் கிடைத்தது நாயால்தான். அதற்கு முன்னால் கேம்ப் ரோட்டில் ஒரு நாய் ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் முன்னால் பரோட்டா கடை, லாரி கிளீனர், நடுவில் கொஞ்ச நாள் எதுவும் இல்லாமல் தாம்பரம் ஸ்டேஷன். படிப்பு ஒன்பதாவதோடு சரி. ஓர் ஊரில் ரொம்ப நாள் தங்கினால் எனக்குக் கால் அரிக்கும். அந்த அறையை மட்டும் விட மனசில்லாமல் இருந்தது.

வீட்டுக்காரர் பேங்கிலிருந்து ரிட்டையர் ஆனவர். பொத்தேரியில் நாய் வளர்த்து விற்கும் ஒருவரிடம் ஒரு பிரெஞ்சு புல்டாக் பெட்டையை வாங்கியிருந்தார். வெளிர் பழுப்பு நிறம், கறுப்பு மூக்கு. அவர் மனைவி அதைப் பாப்பா என்று கூப்பிட்டார். அவரை நான் அம்மா என்பேன். அதைப் பார்த்துக்கொள்ளவும் நாய் ஷோவுக்குப் பழக்கவும் நான்.

முதல் நாளே சார் சொல்லிவிட்டார். "ஷோவுல நல்ல பேர் வாங்கினா வெச்சுக்கலாம் தம்பி, குட்டி போட விடலாம். இல்லன்னா வித்த ஆளே திருப்பி எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கார். சும்மா ஏசி போட்டு வளக்க நம்மால ஆகாது."

நாய் போனால் அறையும் போகும். அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

தினமும் காலையில் பாப்பாவை ஒரு மேஜை மேல் நிற்க வைப்பேன். சார் போனில் இருக்கும் இங்கிலீஷ் விதிகளைத் தமிழில் சொல்வார், நான் அந்தந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பேன். காது வௌவால் காது மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டும், நுனி மட்டும் உருண்டையாக. கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி வர வேண்டும், ஆனால் வாயை மூடினால் பல் தெரியக் கூடாது. வால் குட்டையாக இருக்க வேண்டும், ஆனால் பின்பக்கத்தை மறைக்கிற அளவுக்காவது நீளம் வேண்டும். முகம் தட்டையாக இருக்க வேண்டும், ரொம்பவும் தட்டையாகப் போய்விடக் கூடாது. எது எவ்வளவு என்று கேட்டால் சாரும் போனைத்தான் பார்ப்பார். தெருமுனையில் படுத்திருக்கும் நாய்க்கு நீள மூக்கு, மடிந்த காது, சுருண்ட வால். விதிப்படி அதற்கு எதுவுமே சரியில்லை. ஆனால் மே மாத வெயிலில் அது பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடியது. பாப்பா கேட் வரை நடந்துவிட்டு உட்கார்ந்துவிடும். சோம்பேறி என்று நினைத்தேன்.

உட்கார்ந்தாலும் படுத்தாலும் அதற்கு மூச்சு கர்கர் என்று கேட்டுக்கொண்டிருக்கும். "ஜாதி அப்படி, அதான் அழகு" என்பார் சார். அம்மா அதை ரெக்கார்ட் பண்ணித் தன் தங்கைக்கு அனுப்புவார்.

பொங்கலுக்கு அப்புறம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஷோ நடந்தது. அம்மாவும் வந்தார். காரில் ஏறும்போது, "எத்தனை பேர் கண்ணு படப்போகுதோ" என்று பாப்பாவின் கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைத்தார். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. குழந்தைக்கு வைப்பதுதானே.

வழியெல்லாம் பாப்பா முன்னங்காலால் முகத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தது. மை மூக்கில் பரவியதை நான் கவனிக்கவில்லை. மைதானத்தில் நடுவர் குனிந்து அதன் முகத்தைப் பிடித்துத் தூக்கினார். கையை எடுத்தபோது விரலெல்லாம் கறுப்பு. ஒரு வெள்ளைத் துணியை வாங்கி மூக்கைத் துடைத்தார். துணியும் கறுப்பானது.

மூக்கு கறுப்பாக இல்லாத நாயைச் சேர்க்க மாட்டார்கள், அதனால் சிலர் சாயம் பூசிக்கொண்டு வருவார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் ஒரு பக் நாயைப் பிடித்திருந்தவர் என்னைப் பார்த்து, "இன்னா மச்சான், பியூட்டி பார்லர் இட்டுகினு போயிட்டு வந்தியா?" என்றார். நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

"இது திருஷ்டிப் பொட்டு சார்" என்றேன் நடுவரிடம். அவர் வெளிமாநிலத்துக்காரர் போல. அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. தண்ணீர் வரவழைத்து மூக்கைச் சுத்தமாகத் துடைத்தார். அடியிலும் கறுப்புதான். அப்பாடா என்றிருந்தது. ஆனால் அவர் விடவில்லை. இன்னும் கிட்டே குனிந்து மூக்கையே பார்த்தார், காதை வைத்து மூச்சைக் கேட்டார். பிறகு எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டார்.

எல்லாம் முடிந்த பிறகு சாரிடம் நடுவரே வந்து பேசினார். சார் அதைக் காரில் சொன்னார். நிறத்தில் குறை இல்லை, காது பிரமாதம், தாடை சரி. மூக்குத் துவாரம்தான் கோடு மாதிரி மூடியிருக்கிறதாம். துவாரம் திறந்திருக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறதாம். ஆபரேஷன் செய்து திறக்கலாம். அப்படிச் செய்தால் அப்புறம் ஷோவுக்குக் கொண்டுவர முடியாது, கத்தி வைத்த நாயை அவர்கள் சேர்ப்பதில்லை.

"ஓட்டை சின்னதா இருந்தாலும் தப்பு. பெருசு பண்ணினாலும் தப்பு. அப்ப என்னதான் பண்றது?" என்றார் சார்.

"அப்ப இத்தனை நாளா அது மூச்சு விட முடியாமதான் கத்திட்டிருந்ததா?" என்றார் அம்மா.

சேலையூர் வரும்வரை பாப்பாவின் மூச்சு மட்டும் கேட்டது. அதுவரை அழகாகக் கேட்ட சத்தம், இப்போது எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

மறுநாள் சார் பொத்தேரிக்காரருக்குப் போன் பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொன்னாராம். நான் பையில் துணியை எடுத்து வைத்தேன். ஆனால் சனிக்கிழமை சார் வெளியே போன நேரத்தில், "தம்பி, ஆட்டோ கூப்பிடு" என்றார் அம்மா. நான் தரை துடைத்த அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். மயக்க ஊசி போடும்வரை காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் சார் வந்து தையல் போட்ட மூக்கைப் பார்த்தார். "இதை இனிமே அந்தப் பொத்தேரி ஆள் எடுத்துக்க மாட்டான்" என்றார்.

"அதுக்குத்தான்" என்றார் அம்மா.

சாருக்குக் கோபமா, நிம்மதியா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. என்னிடம், "இனிமே ஷோ எல்லாம் கிடையாது தம்பி, வாக்கிங் நானே கூட்டிட்டுப் போயிடறேன்" என்றார். அது என்னைப் போகச் சொன்னதா இல்லையா என்று புரியாமல், கட்டின பையைப் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

தையல் ஆறியதும் ஒருநாள் காலையில் பாப்பாவை அவரே அழைத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. ஏரிக்கரைக்கு ஓடினேன். சார் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பாப்பா கயிற்றை இழுத்துக்கொண்டு ஒரு கொக்கைப் பார்த்துத் துள்ளிக்கொண்டிருந்தது.

"என்னால பிடிக்க முடியல. இந்தா, இனிமே தினமும் நீயே பிடி" என்று கயிற்றைக் கொடுத்தார். பிறகு, "இவ்வளவு ஓடற நாய் அன்னைக்கெல்லாம் எப்படிச் சும்மா உட்கார்ந்திருந்தது?" என்று கேட்டார்.

அதற்குள் பாப்பா என்னை இழுத்துக்கொண்டு கரை மேல் ஓட ஆரம்பித்துவிட்டது.