சம்பந்தி வீட்டாருக்கு அம்மா பார்த்த ரூம்

என் பெரியம்மா கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாரை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கவைத்தார்களாம். அங்கிருந்த மூட்டைப்பூச்சி பெரியம்மாவின் மாமனாரைக் கடித்துவிட்டது. கடித்தது ஒரு ராத்திரிதான். பேச்சு இருபது வருஷமாகியும் ஓயவில்லை. குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால்கூட பெரியம்மா வீட்டில் அந்த மூட்டைப்பூச்சியைத்தான் முதலில் இழுப்பார்கள். அதனால் சித்திக்கு நிச்சயமானதுமே, மாப்பிள்ளை வீட்டாருக்கு ரூம் பார்ப்பது தன் பொறுப்பு, வேறு யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தங்கையும் காலமெல்லாம் அந்தப் பேச்சைக் கேட்க அவள் விடுவதாக இல்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. பெங்களூரில் ஆஸ்டின் டவுனில் இருந்தோம். அம்மாவுக்கு ஒரு ஸ்டார் ஓட்டலில் ஹவுஸ்கீப்பிங் வேலை. ரூம்களைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்க வேண்டும். பெங்களூர் ஓட்டல்களின் உள்விவகாரம் அம்மாவுக்குத் தெரிந்த அளவு முதலாளிகளுக்கே தெரியாது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை.

லீவு நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். முதலில் ஒரு லாட்ஜ். மேனேஜர் பெருமையாக டிவியைப் போட்டுக் காட்டினார். அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மெத்தையின் ஓரத்தைத் தூக்கி, தையலில் செல்போன் டார்ச்சை அடித்தாள். ரூம் எடுக்க வந்தீர்களா, ரெய்டுக்கு வந்தீர்களா என்று அவர் கன்னடத்தில் கேட்டார். ரெய்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று அம்மாவும் கன்னடத்திலேயே சொல்லிவிட்டு பாத்ரூமுக்குள் நுழைந்தாள். அந்த லாட்ஜ் பாஸாகவில்லை. கல்யாண மண்டபத்து மாடி ரூம்களில் பாய், தலையணை எல்லாம் இருந்தன. பாத்ரூம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். அடுத்து ஹோம்ஸ்டே என்று ஒன்று. அது யாரோ குடியிருக்கும் வீடு. சோபாவில் அவர்களுடைய நாய் படுத்திருந்தது. எனக்கு நாயைப் பிடித்தது. சம்பந்தியம்மாவுக்குப் பிடிக்குமா என்று அம்மா கேட்டாள்.

அவள் வேலை செய்யும் இடத்திலேயே ரூம் கேட்டால் என்ன என்று மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், யோசனை சொன்னார்.

“அங்க சத்தமா சிரிச்சாலே கீழருந்து போன் வரும்ண்ணா. கல்யாண வூட்டுக்காரங்கோ வாயைப் பொத்திக்கினா இருப்பாங்கோ?”

கடைசியில் தொம்மலூரில் ஒரு சர்வீஸ் அப்பார்ட்மென்ட் அகப்பட்டது. மூன்று பெட்ரூம், ஹால், பிரிட்ஜ், பாத்திரம் பண்டங்களோடு ஒரு சமையலறை. வீடு மாதிரியே இருந்தது. மெத்தைத் தையலும் சுத்தம். அம்மா வழியெல்லாம் சிரித்த முகமாக வந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் ஆம்பூரிலிருந்து பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒவ்வொரு அறையாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்த சம்பந்தியம்மா சமையலறை வாசலில் நின்றுவிட்டார். கேஸ் அடுப்பு, குக்கர், தோசைக்கல்.

“இன்னாம்மா இது? பொண்ணு வூட்டுக்கு வந்து நாங்களே பொங்கித் துன்னணுமா?”

வந்தவர்களில் ஒரு பெரியவர் கீழே வைத்த பெட்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். லாட்ஜே போதும் என்று தான் அன்றைக்கே நினைத்ததாக மாமா என் காதில் முணுமுணுத்தார். மூட்டைப்பூச்சி போய் அடுப்பு வந்தது, இனி சித்தி இதை ஆயுசுக்கும் கேட்கப்போகிறாள் என்று எனக்கே புரிந்தது.

அம்மா புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“அடுப்பு உங்களுக்கு இல்ல அத்தே, எனக்கு. மண்டபத்து சமையக்காரன் ஆறிப்போனதைக் குடுத்தனுப்புவான். நீங்கோ இங்க இருக்கிற வரைக்கும் என் கையால சூடா போடணும்னுதான் தேடித்தேடி இந்த எடம் புடிச்சேன்.”

பச்சைப் பொய். அந்த வீட்டில் ஒரு பிடி அரிசிகூட இல்லை. என் கையில் ஒரு பையைத் திணித்து, மாமாவோடு கடைக்கு விரட்டினாள்.

அதன் பிறகு இரண்டு நாள் அவள் அடுப்பை விட்டு நகரவில்லை. டீ, தோசை, விடிகாலையில் பொங்கல், பல் இல்லாதவர்களுக்குக் குழைந்த சோறு. தாலி கட்டும் நேரத்துக்கு மண்டபத்துக்கு ஓடினாள். அட்சதை போட்ட கையோடு வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிட்டாள். கல்யாணத்துக்கு மறுநாள் காலை சம்பந்தியம்மா வேனில் ஏறும்போது, இப்படி ஒரு கவனிப்பைத் தன் வயசுக்குப் பார்த்ததில்லை என்று சித்தியின் கன்னத்தைத் தடவிச் சொன்னார். சித்தி புகுந்த வீட்டில் இன்றுவரை அடுப்புப் பேச்சு எழுந்ததில்லை.

வேன் போனபோது மணி பதினொன்று. சாவியைப் பன்னிரண்டுக்குக் கொடுத்தால் போதும். அம்மா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பெரிய பெட்ரூமில் கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். உடனே எழுந்துபோய் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து, காலை நீட்டிப் படுத்தாள்.

“பன்னெண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கசொல்லோ எழுப்பு கண்ணு.”

எனக்கு நினைப்பெல்லாம் வீட்டில் மிச்சமிருந்த லட்டு மேல். போவதற்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் காலி செய்துவிடுவார்கள் என்று பயம். பதினொன்றரைக்கே, நேரமாகிவிட்டது என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். திடுக்கிட்டு எழுந்தவள் கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை. படுத்த சுருக்கம் தெரியாமல் விரிப்பை இழுத்துச் செருகிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எனக்கு இரண்டு லட்டு கிடைத்தது.

கெஸ்ட் கட்டிலில் உட்கார்ந்தால் வேலை போய்விடும் என்பது ஹவுஸ்கீப்பிங்கில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். பதினோரு வருஷமாக தினம் பதினாலு படுக்கை விரித்தவள், அப்படி ஒரு மெத்தையில் படுத்துத் தூங்கியது அந்த ஒரு தடவைதான். அதிலும் பாதியை நான் பிடுங்கிக்கொண்டேன் என்பது எனக்கு அப்போது தெரியாது.